இரவல் மெட்டும் இறைவன் பாட்டும்

(நமது ஆலயத் திருவிழாவின் ஐந்தாம் நாள் உபயத்தன்று நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டுத் திருவிழாவில் நம் பஜனைக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் அம்பாள்மீது ஒரு புதிய பாடலைப் பாடினார்கள். சொற்கள் அவர்கள் எழுதியவை. மெட்டோ அனைவரும் அறிந்த ஒரு திரைப்படப் பாடலுடையது. கூடியிருந்தவர்கள் தாளமிட்டு மகிழ்ந்தார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் மனம் வருந்தி எழுந்து சென்றார். "கண்ணை மூடினால் அந்தப் படக் காட்சியல்லவா வருகிறது; அம்பாள் எங்கே வருகிறாள்?" என்று அவர் கேட்டார். "மெட்டுத்தான் இரவல், பக்தி எங்களுடையது" என்று இளைஞர்கள் விடை கூறினார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

பிறரிடமிருந்து பெற்றுப் பாடுவது நம் சமயத்துக்குப் புதிதன்று. திருவாசகத்தை எடுத்துப் பாருங்கள். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருச்சாழல், திருவுந்தியார், திருப்பொன்னூசல் ஆகிய இவையெல்லாம் யாருடைய பாட்டு வடிவங்கள்? காய்களை எறிந்து பிடித்தும், வாசனைப் பொடி இடித்தும், கேள்விக்கு விடை கூறியும், ஊஞ்சலாடியும் மகிழ்ந்த மகளிரின் வடிவங்கள். பாண்டியனின் அமைச்சராக இருந்த மணிவாசகப் பெருமான், எழுத்தறியாத பெண்களின் விளையாட்டுப் பாட்டை எடுத்துச் சிவபெருமானுக்கு உரியதாக்கினார். அரசாங்க ஊழியனான எனக்கு அதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், காவடி எடுத்துச் செல்லும் அடியார்களின் சிந்து நடையை எடுத்துக் கழுகுமலை முருகன்மீது காவடிச் சிந்து பாடினார். வழிநடைக் களைப்பைப் போக்கிய பாமரர் பாட்டுக்கு இலக்கியத்தில் ஓர் இடம் கிடைத்தது.

முத்துசுவாமி தீட்சிதர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆங்கிலேயரின் இசைக்குழுக்கள் வாசித்த மேல்நாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். அவற்றை 'நோட்டுஸ்வரங்கள்' என்பர். அவற்றுள் ஒன்று ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டிலேயே அமைந்தது. ஆண்டவர்களின் அரசனுக்குரிய மெட்டு அம்பிகைக்கு உரியதாயிற்று.

சமயத்துக்கு வெளியிலும் ஒரு சான்றைக் கூறுகிறேன். 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது நாட்டுப்பண்ணுக்காக உலகளாவிய போட்டி நடத்தப்பட்டது. வந்தவற்றுள் எதுவும் பொருத்தமாக அமையவில்லை. முடிவில் பேராக் மாநிலப் பண்ணின் மெட்டே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே மெட்டு 'தெராங் பூலான்' என்ற காதல் பாட்டாகவும் மக்களிடையே வழங்கிவந்தது. இன்று 'நெகாராகூ' ஒலிக்கும்போது நாம் எழுந்து நிற்கிறோம்; காதல் பாட்டை யார் நினைக்கிறோம்?

ஆகவே, மெட்டு இரவலாக இருப்பது குற்றமாகாது. புதிய சொல்லும் உணர்வும் பழைய நினைவை வென்றுவிட வேண்டும் என்பதே முக்கியம். பெரியவர் எழுந்து சென்றதன் பொருள் அதுதான். அன்று அந்தப் பாடலில் படமே வென்றது.

இரண்டாவதாக ஒன்று உண்டு. அது நன்றி. சுந்தரமூர்த்தி நாயனார் 11 பாடல்களில் திருத்தொண்டத்தொகை அருளினார். அதை விரித்து நம்பியாண்டார் நம்பி அந்தாதி பாடினார். அவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டு 4,000க்கும் மேற்பட்ட பாடல்களில் பெரியபுராணம் செய்தார் சேக்கிழார். அவ்வளவு பெரிய காப்பியத்தைச் செய்தவர், தொடக்கத்திலேயே அந்த இருவரையும் சொல்லி வணங்குகிறார். அதனால் அவர் புகழ் குறைந்ததா? முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொற்களையும் பொன்போல் போற்றி எடுத்தாளலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. அதே வேளையில், பிறர் பாட்டைத் தன் பாட்டென்று கூறுபவனுக்குக் 'கள்ளக்கவி' என்று பெயரிட்டிருக்கிறது நம் தமிழ் மரபு.

இந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் தலைகுனிய வேண்டியவனாகிறேன்.

நான் பிறந்தது ஒரு பால்மரத் தோட்டத்தில். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதிய பெண்மணி ஒருவர் ஆண்டுதோறும் ஒரு கும்மிப் பாட்டுப் பாடுவார். 1997ஆம் ஆண்டில், கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான் அதை எழுதிக்கொண்டேன். கொச்சைச் சொற்களைத் திருத்தினேன். பாட்டில் அம்மனிடம் மழை கேட்கும் இடம் ஒன்று உண்டு. தோட்டத்தில் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அன்றைய கூலி போய்விடும். ஆகவே இது பொருந்தாது என்று கருதி, 'மழை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அருள்' என்று போட்டேன். 'இயற்றியவர்' என்று என் பெயரை எழுதித் திருவிழா மலரில் வெளியிட்டேன். பலரும் பாராட்டினார்கள்.

அந்த அம்மையாருக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த முறை கோயிலில் கண்டபோது அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா மழைன்னு இருந்த எடத்துல வேற என்னமோ வச்சிட்டியே. எங்கம்மா, ஊர்ல மழை இல்லாம கெடந்தப்ப பாடுன பாட்டுய்யா அது" என்றார்.

தன் பாட்டு என்று அவரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தாயார் கப்பலில் கொண்டுவந்த பாட்டு அது. மழை தம் கூலியைப் பறித்தபோதும், தாயின் சொல்லை மாற்றாமல் அவர் பாடிவந்தார். படித்த நான் சொல்லையும் மாற்றினேன், பாட்டையும் எனதாக்கிக்கொண்டேன். பின்னர் தோட்டம் விற்கப்பட்டது, லயங்கள் இடிக்கப்பட்டன, அந்த அம்மையாரும் மறைந்தார். என் பெயர் தாங்கிய அந்த மலர் மட்டும் என் வீட்டில் இருக்கிறது. எல்லாருக்கும் அவர் 'ஆயா'தான். அவருடைய பெயரை நான் கேட்கவே இல்லை.

அன்பர்களே, நிர்வாகச் சபையின் கவனத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பூசை வேளையில் சந்நிதியில் திருமுறைகளே அவற்றுக்குரிய பண்ணோடு ஒலிக்கட்டும். பஜனை மேடையில் இளைஞர்களின் புதுப் பாடல்களுக்குத் தடை வேண்டாம். ஆனால் மெட்டைத் தேர்ந்தெடுக்கும் முன், அது அம்பாளை நினைவூட்டுமா, படத்தை நினைவூட்டுமா என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். மூன்றாவதாக, நாம் அச்சிடும் ஒவ்வொரு பாடலின் கீழும் எழுதியவர் யார், மெட்டு எங்கிருந்து வந்தது என்று குறிப்பிடுவோம். குறுந்தட்டாகவோ வேறு வகையிலோ வெளியிடுவதாயின் உரியவரின் அனுமதியைப் பெறுவோம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரின் உரிமையை அவர் வாழ்நாளுக்கும், அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் காக்கிறது. ஆயாவின் பாட்டைக் காக்க எந்தச் சட்டமும் வராது. அதை நம் மனச்சாட்சிதான் காக்க வேண்டும்.

அந்தக் கும்மிப் பாட்டை இவ்வாண்டு மலரில் மீண்டும் வெளியிட வேண்டுமென்று சபையினரைக் கேட்டிருக்கிறேன். என் பெயர் அதில் இராது. 'தோட்டத்து ஆயா ஒருவர் பாடக் கேட்டது. அவர் தம் தாயாரிடம் கற்றது' என்ற குறிப்பு இருக்கும். 'அருள்' என்று நான் போட்ட இடத்தில் 'மழை' என்றே இருக்கும்.