பள்ளிக் கட்டடத்தின் யாப்பு
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். இந்த அவை அறியாததன்று. சீரும் தளையும் அடியும் ஒரு பாட்டைக் கட்டுவதுபோல, செங்கல்லும் சாந்தும் ஒரு பள்ளியைக் கட்டுகின்றன. பொருளுக்கு ஒவ்வாத யாப்பில் அகப்பட்ட பாட்டு மூச்சுத் திணறும். கற்கும் முறைக்கு ஒவ்வாத கட்டடத்தில் குழந்தைகளும் அவ்வாறே திணறுகிறார்கள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் அகன்ற கொட்டகைகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தொழிற்கூடம் எழுப்புவோர் எந்திரம் எங்கே நிற்கும், சரக்கு எவ்வழி வந்து எவ்வழி போகும் என்று முதலில் வரைந்துகொள்கிறார்கள். தூணுக்கு இடம் குறிப்பது அதன் பின்னர்தான். நாளை எந்திரம் மாறும் என்பதை எண்ணி நடுவே தூண் இல்லாமல் கூரையை நிறுத்துகிறார்கள். அதே ஊரில் பள்ளி கட்டும்போது முதற்கேள்வி எத்தனை அறைகள் என்பதாக இருக்கிறது. அங்கே குழந்தை எவ்வாறு உட்காரும், யாரை நோக்கி உட்காரும் என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

இந்த மண்ணின் பழைய திண்ணைப் பள்ளிக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789 முதல் 1796 வரை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் காப்பகத்தின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அது அங்கே மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றது. திண்ணையில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. சாதி அதன் படியிலேயே பலரை நிறுத்தியது. பொதுப் பள்ளி அந்தக் கதவைத் திறந்தது, அது பெரும்பேறு. ஆயினும் திறந்த கதவுக்குள்ளே வரிசை வரிசையாகப் பலகை, எதிரே உயரத்தில் ஒரு கரும்பலகை என்ற ஒற்றை வடிவமே நிலைத்துவிட்டது.

அந்த வடிவத்தைத் தமிழ்நாடு ஒருமுறை உடைத்துப் பார்த்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் வந்தன. தன் எழுத்து தன் பெயருடன் சுவரில் நிற்பதைக் கண்ட குழந்தைக்கு அந்தச் சுவர் சொந்தமாயிற்று. கட்டடத்தில் நேர்ந்த மாற்றம் சில அடி உயரக் கறுப்பு வண்ணம் மட்டுமே!

அடுத்த மாற்றம் இந்த மாவட்டத்திலேயே தொடங்கிற்று. எண்ணும் எழுத்தும் இயக்கத்தை 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தொடங்கிவைத்தார். அதில் குழந்தைகள் எட்டியுள்ள நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்களாகிறார்கள். ஒரே அறையில் மூன்று குழுக்கள் மூன்று வேலைகளில் இருக்கும். ஒரு குழு பாடும்போது மற்றொன்று படிக்க வேண்டும். நீள்சதுர அறையும் எதிரொலிக்கும் வெற்றுச் சுவரும் அதற்கு உதவுவதில்லை. இருபது ஆண்டுகளுக்குள் கற்பிக்கும் முறை இருமுறை மாறிவிட்டது. காங்கிரீட் கட்டடமோ ஐம்பது ஆண்டுகள் நிற்கக் கட்டப்படுகிறது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் பள்ளிக் கூரையைப் பற்றிப் பேசுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதன்பின் கீற்று நீங்கியது, நீங்க வேண்டியதே. அதன் இடத்தில் வந்த காங்கிரீட் தளம் தீயைத் தடுக்கிறது, வெயிலைத் தடுப்பதில்லை. பகலெல்லாம் உண்ட வெப்பத்தைப் பிற்பகலில் குழந்தைகளின் தலைமேல் உமிழ்கிறது. தளத்தின்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டுத் தட்டோடு பதிப்பது பழைய வழக்கம். குறைந்தது வெள்ளை பூசுவதாவது எல்லோருக்கும் கைகூடும்.

இங்கே ஒரு சட்ட ஒப்பீடு சிந்தனைக்கு உரியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன்பின் கட்டப்பட்ட கூடங்களில் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்று அளவு வைத்தது. காற்றோட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் எழுதியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறை, எப்பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், விளையாட்டிடம், நூலகம் என்று நல்லவற்றைக் கேட்கிறது. ஆனால் அந்த அட்டவணையில் குழந்தை ஒருவருக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு வெளிச்சம் என்ற அளவு இல்லை. கும்மிடிப்பூண்டித் தந்தையின் மூச்சுக்குச் சட்டம் கணக்கு வைத்தது. அவர் மகளின் மூச்சுக்கு அங்கே கணக்கில்லை.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்பேட்டை சூழ்ந்த ஊர்களுக்கு அதனால் வகுப்பறைகள் கிடைக்கக்கூடும். அந்தப் பணம் வரும் நாளில் ஊர் என்ன கேட்கப்போகிறது என்பதே கேள்வி. திரைக்காக ஜன்னலை அடைத்த அறையைக் கேட்டால் அதுவே கிடைக்கும். எதிரெதிர் ஜன்னல், குழந்தை உட்கார்ந்தபடியே வெளியே பார்க்கும் உயரத்தில் அதன் அடிவிளிம்பு, அறையின் நீளத்துக்குத் தாழ்வாரம், அதன் ஓரமாகத் திண்ணை, இரண்டு அறைகளை ஒன்றாக்க மடித்துத் திறக்கும் தடுப்பு, நான்கு சுவர்களிலும் தாழ்ந்த கரும்பலகை, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் ஆகியவற்றைக் கேட்டால், இன்றைய முறையும் நாளைய முறையும் அதில் இடம் பெறும். திரை வந்தாலும் போனாலும் அந்த அறை பயன்படும்.

செலவு கூடும் என்பார்கள். தாழ்வாரத்துக்குக் கூடும், தாழ்ந்த கரும்பலகைக்கும் ஜன்னலின் இடத்துக்கும் கூடாது. அங்கே வேண்டியது முன்யோசனை மட்டுமே.

அந்தச் சுவரின் செங்கல்லுக்கும் ஒரு கதை உண்டு. இம்மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் பருவந்தோறும் வருகின்றன. சூளையருகே ஒடியா மொழியில் கற்பிக்கும் பணியிடப் பள்ளிகள் நடத்தப்பட்டதும் உண்டு. பெற்றோர் அறுத்த கல்லால் எழும் பள்ளியில், ஆண்டின் நடுவே வந்து ஆண்டின் நடுவே போகும் அந்தக் குழந்தைக்கும் ஓர் இடம் வேண்டும். எண்ணி வைத்த பலகை வரிசையில் அவனுக்கு இடமிராது. வட்டத்தில் மற்றவர் சற்று நகர்ந்தால் இடம் உண்டாகும்.

வெண்பாவின் தளைக்கட்டு கடுமையானது. அழகும் அதனால் வருவது. ஆசிரியப்பாவோ மூன்றடியில் தொடங்கிப் பொருள் வேண்டும் மட்டும் நீளும். பள்ளிக்கு ஏற்றது ஆசிரியப்பாவின் இயல்பு. உறுதிக்கும் பாதுகாப்புக்கும் தளராத விதி வேண்டும். மற்றவற்றில் நீளவும் மாறவும் இடம் வேண்டும்.

இந்த வட்டத்தின் உறுப்பினர்களில் பெற்றோரும் ஆசிரியரும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் வரைபடம் விரிக்கப்படும் நாளில் அவர்கள் அங்கே இருக்க வேண்டும். அறைகளின் எண்ணிக்கையைக் கேட்கும் முன்னர், குழந்தை எங்கே உட்காரும் என்று கேட்க வேண்டும். அடித்தளம் தோண்டுவதற்கு முன் கேட்டால் அந்தக் கேள்விக்குச் செலவே இல்லை. பின்னர் கேட்டால் விடை கிடைக்க ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க நேரும்.