மக்கும் டப்பாவில் தயிர் நிற்குமா?



பேரங்காடியில் ஒரு டப்பா தயிர் வாங்குகிறீர்கள். இரண்டே நாளில் தயிர் தீர்ந்துவிடுகிறது. டப்பாவோ பேரப்பிள்ளைகள் காலம்வரை எங்கோ மண்ணில் கிடக்கிறது. கடைப் பை மாறிவிட்டது, உறிஞ்சுகுழல் மாறிவிட்டது. தயிர் டப்பாவையும் மக்கிப்போகும் பிளாஸ்டிக்கில் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் பால் பொருள்கள் மற்ற சரக்குகளைப் போல அல்ல. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோதுகூட, பால், தயிர் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

அப்படி என்ன சிக்கல்? ஒரு பிளாஸ்டிக் மக்குகிறது என்றால், ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கின்றன. அறுந்த துண்டுகளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். தயிரில் உயிருள்ள பாக்டீரியாவே குடியிருக்கிறது. மக்கவைக்க வேண்டிய சாமான்களில் பாதி டப்பாவுக்கு உள்ளேயே இருக்கிறது! கடை அலமாரியில் வாரக் கணக்கில் அது அசையாமல் நிற்கவேண்டும். குப்பைக்குப் போனதும் விரைந்து மக்கவேண்டும். ஒரே பொருளிடம் இந்த இரண்டு குணங்களையும் கேட்கிறோம் என்பதுதான் விஞ்ஞானிகளின் தலைவலி.

இத்துறையில் அதிகம் புழங்குவது பி.எல்.ஏ. எனும் பிளாஸ்டிக். மக்காச்சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்கவைத்து, கிடைக்கும் லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்து இதைத் தயாரிக்கிறார்கள். தயிருக்குப் புளிப்பைத் தருவதும் இதே லாக்டிக் அமிலம்தான். டப்பாவும் தயிரும் ஒரு வகையில் உறவுக்காரர்கள்!

இந்தப் பிளாஸ்டிக் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். தயிர் உறைய 43 டிகிரி அளவு வெப்பம் போதும்; அதன் பிறகு குளிர்சாதனப் பெட்டிதான். அதனால் தயிர் டப்பாவுக்கு இது ஒத்துவந்தது. 2010-இல் அமெரிக்காவின் ஸ்டோனிஃபீல்ட் நிறுவனம் சில தயிர் டப்பாக்களை இதற்கு மாற்றியது. 2011-இல் ஜெர்மனியில் டனோன் நிறுவனம் 'ஆக்டிவியா' தயிருக்கு இதைக் கொண்டுவந்தது. ஒட்டிப் பிறந்த டப்பாக்களைப் 'படக்'கென்று ஒடித்துப் பிரிப்பீர்கள் அல்லவா? பழைய பாலிஸ்டைரின் போலவே பி.எல்.ஏ.வும் அப்படி ஒடியும்.

போத்தலில் வரும் பால் பானங்களின் கதை வேறு. நீண்ட நாள் கெடாமல் இருக்க, சிலவற்றைப் போத்தலில் அடைத்த பிறகும் சூடாக்கவேண்டியிருக்கும். ஸ்பெயின் நாட்டின் வேலன்சியாவில் உள்ள ஐனியா தொழில்நுட்ப மையம், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2010-களின் முற்பகுதியில் மேற்கொண்ட 'பயோபாட்டில்' திட்டம் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்க முனைந்தது. ஐந்து நாடுகளின் ஆய்வு மையங்களும் நிறுவனங்களும் இதில் சேர்ந்தன. 95 டிகிரி வரை சூட்டைத் தாங்கும் போத்தல்களையும் பைகளையும் உருவாக்கவேண்டும், குடித்து முடித்ததும் அவற்றைச் சமையலறைக் கழிவோடு சேர்த்தே போடமுடியவேண்டும் என்பது இலக்கு. தயிர் ஒட்டிய டப்பாவைக் கழுவாமல் மறுசுழற்சிக்குப் போட்டால் சிக்கல். அழுக்கோடு உரக்குழிக்கே போகுமென்றால் அந்த வேலை மிச்சம்.

இங்கேதான் வேடிக்கை. மக்கும் பிளாஸ்டிக்கை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்போது உரத்தை 58 டிகிரியில் வைக்கிறார்கள். பி.எல்.ஏ. இளகும் சூடும் ஏறக்குறைய அதுவே. இளகினால்தான் தண்ணீர் எளிதாக உள்ளே நுழையும், சங்கிலி அறுபடும். மூலக்கூறுகளை நெருக்கமாக அடுக்கி அதிகச் சூட்டைத் தாங்கவைக்கலாம். ஆனால் அப்போது தண்ணீர் நுழைவதும் கடினமாகி, மக்குவது தாமதமாகும். ஆலையில் பலவீனம் எனப்படுவதுதான் உரக்குழியில் பலமாகிறது. இதோடு மூடி, ஒட்டுத்தாள், அச்சு மை எல்லாமே மக்கவேண்டும். டப்பா மட்டும் மக்கி அலுமினிய மூடி மிஞ்சினால் உரத்தை யார் வாங்குவார்?

பாலையே பாலுக்கு உறையாக்கும் முயற்சியும் உண்டு. 2016-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர் பெகி டோமாசுலா குழுவினர், பாலின் கேசீன் புரதத்தில் செய்த மெல்லிய உறையை அறிமுகப்படுத்தினார்கள். பிராணவாயுவைத் தடுப்பதில் சாதாரண பிளாஸ்டிக்கை 500 மடங்குவரை விஞ்சும் என்றார்கள். சாப்பிடவும் செய்யலாம். பாலாடைக் கட்டிக்குச் சரி. ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்பதால் அதற்கு மேல் இன்னோர் உறை வேண்டும்.

ஜெர்மனியின் 'ஆக்டிவியா' டப்பாவுக்கு என்ன ஆனது தெரியுமா? சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்ததை எதிர்த்து, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நீதிமன்றப் படியேறியது. கரியமில வாயு குறைந்தாலும், சோள சாகுபடியின் உரம் மண்ணையும் நீரையும் கெடுக்கிறதே என்பது வாதம். நிறுவனம் அந்த விளம்பர வாசகத்தைக் கைவிட்டது. ஸ்டோனிஃபீல்டோ, தன் டப்பா உரமாகும் என்று ஆரம்பத்திலேயே சொல்லவில்லை. அதை ஏற்கும் உரக்கூடங்கள் போதிய அளவில் இல்லை என்பதை அது அறிந்திருந்தது. இது நேர்மையான வழி என்றே சொல்லவேண்டும்.

ஏனென்றால், வீட்டுத் தோட்டத்தில் புதைத்த பி.எல்.ஏ. டப்பா ஆண்டுக்கணக்கில் டப்பாவாகவே கிடக்கும். அதற்குத் தேவை 58 டிகிரியில் கொதிக்கும் பெரிய உரக்கூடம். இத்தாலியின் மிலான் நகரம் 2012 முதல் 2014-க்குள் நகரம் முழுவதும் சமையலறைக் கழிவைத் தனியாகச் சேகரிக்கத் தொடங்கியது. சான்று பெற்ற மக்கும் உறைகளையும் இத்தாலியர்கள் அந்தக் கழிவோடு போடலாம். சிங்கப்பூரிலோ வீட்டுக் குப்பை எரியாலைக்குப் போகிறது. மக்கும் டப்பாவும் மக்காத டப்பாவும் ஒரே நெருப்பில் எரிந்து, சாம்பல் செமாக்காவ் தீவைச் சேர்கிறது. மலேசியாவில் பெரும்பகுதி குப்பை நிலத்தில்தான் கொட்டப்படுகிறது. காற்றுப் புகாத அந்தக் குவியலுக்குள் சில வகை மக்கும் பிளாஸ்டிக் மீத்தேன் வாயுவாக மாறும்; பி.எல்.ஏ.வோ பெரும்பாலும் அப்படியே படுத்துக்கிடக்கும்.