தைராய்டு எதிர்ப்பொருளும் தாய்மைப் பேறும்



திருமணமாகி இரண்டு, மூன்று ஆண்டுகள் கடந்தும் குழந்தை இல்லையென்றால், குடும்பத்தில் முதலில் பழியைச் சுமப்பவள் பெண்தான். நேர்த்திக்கடன் வைக்கிறார்கள், நாட்டு மருந்து தேடுகிறார்கள். இரத்தப் பரிசோதனை மட்டும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பரிசோதனையில் வெளிப்படக்கூடிய காரணங்களில் ஒன்று, கழுத்தின் முன்பகுதியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பியின் கோளாறு.

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் தற்காப்புச் சக்தி, சில வேளைகளில் சொந்தச் சுரப்பியையே பகையாக எண்ணித் தாக்குகிறது. இவ்வாறு வீங்கிய சுரப்பிகளை 1912-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ முதன்முதலில் விவரித்தார். அவர் ஆராய்ந்த நால்வரும் பெண்களே. சுரப்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருப்பது 1956-இல்தான் கண்டறியப்பட்டது. இன்றும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது.

சுரப்பி சோர்ந்து ஹார்மோன் குறைந்தால், மூளை அதை விரட்டி வேலை வாங்கப் பார்க்கிறது. அதற்காகச் சுரக்கும் டி.எஸ்.எச். இரத்தத்தில் உயர்கிறது. அதோடு புரோலேக்டின் என்ற ஹார்மோனும் உயரலாம். அதனால் கருமுட்டை வெளிவருவது தடைப்படுகிறது, மாதவிலக்கு தவறுகிறது. களைப்பு, உடல் பருமன், முடி கொட்டுதல், மலச்சிக்கல் ஆகியவையும் சேரலாம். இத்தகைய பெண்ணுக்கு லெவோதைராக்சின் மாத்திரை பெரும் உதவி செய்கிறது.

ஆனால் டி.எஸ்.எச். அளவு சரியாக இருந்து, எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் என்ன செய்வது? குழப்பம் இங்குதான். இத்தகைய பெண்களிடையே கருச்சிதைவு சற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டியதால், பலருக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுக்கப்பட்டது. பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வு இதற்கு விடை தந்தது. கருச்சிதைவு அல்லது குழந்தையின்மையால் அவதிப்பட்ட 952 பெண்கள் அதில் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு அந்த மாத்திரையும் மறுபாதிக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் தரப்பட்டன. மருந்து உண்டவர்களில் 37.4 விழுக்காட்டினரும், உண்ணாதவர்களில் 37.9 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். வேறுபாடே இல்லை!

ஆகவே, எதிர்ப்பொருள் இருக்கிறது என்ற ஒரு வரி முடிவைக் கண்டு எந்தப் பெண்ணும் மனமுடைய வேண்டியதில்லை. அது தீர்ப்பு அன்று, எச்சரிக்கை மட்டுமே. சுரப்பி பின்னாளில் சோர்வடையலாம் என்பதால் டி.எஸ்.எச். அளவை அவ்வப்போது பார்த்து வர வேண்டும். கருவுற்றதும், முதல் பாதிக் காலத்தில் ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறை சோதிப்பது நல்லது. தொடக்க மாதங்களில் கருவிலுள்ள சிசு தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

ஏற்கெனவே மாத்திரை உண்பவர்கள், கருவுற்றது தெரிந்ததும் அதை நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்; உடனே மருத்துவரைக் காண வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே கோப்பியோ பசியாறலோ எடுக்க வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. தைராய்டுக்கு நல்லது என்று விற்கப்படும் கடற்பாசி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்பதும் ஆபத்து. மிகுதியான அயோடின் இந்நோயைக் கடுமையாக்கலாம்.

இறுதியாக ஒன்று. குழந்தையின்மைக்குக் காரணம் கணவனிடமும் இருக்கலாம். எனவே இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குச் செல்வதுதான் முறை. ஓராண்டு முயன்றும் பலனில்லையென்றால் காத்திருக்கக் கூடாது. மனைவிக்கு வயது 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். வயது ஏற ஏறக் கருவுறும் வாய்ப்பு குறைகிறது. பழி சொல்வதில் கழியும் காலம் திரும்பி வராது.