பிளக் ஒயரும் பத்தாம் வகுப்புப் பாடமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பெருமையைக் குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். அதனைப் பேச நம்மினும் வல்லவர்கள் இம்மேடையில் வீற்றிருக்கிறார்கள். ஆதலால் நாம் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவதென்று முடிவு செய்தோம். சிலர் சிரிக்கிறீர்கள். வரலாறு படித்துப் பி.ஏ., பி.எட். பட்டம் பெற்ற தலைமையாசிரியருக்குப் பிளக் ஒயரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஓராண்டுக்கு முன்வரை நமக்கும் அதில் ஒரு வேலையும் இருந்ததில்லை.

நம் பள்ளியில் படித்துப் பட்டமும் பெற்ற பெண் ஒருத்தி. அரசுப் பணித் தேர்வுக்கு ஈராண்டு உழைத்துப் படித்தவள். தேர்வு மையம் விழுப்புரத்தில். வீடோ திண்டிவனத்துக்கு அருகே. நாற்பது கிலோமீட்டர் அளவே தொலைவு. பேருந்தை நம்பாமல், அண்ணன் தன் வண்டியிலேயே அழைத்துச் சென்றான். விடியற்காலை முதல் மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டேரிப்பட்டைக் கடந்த சிறிது தூரத்தில் வண்டி இருமிற்று, இரண்டொரு முறை வெடித்தது, நின்றுவிட்டது. உதைத்தான், தள்ளினான், பிளக்கைக் கழற்றித் துடைத்தான், பயனில்லை. வழியே வந்த ஷேர் ஆட்டோவைப் பிடித்து, விக்கிரவாண்டியில் மாறி, அவள் தேர்வுக்கூட வாசலை அடைந்தபோது கதவு அடைத்துப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. அதிகாரிகள் மீது குறை சொல்வதற்கில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

அந்தப் பெண்ணின் அண்ணன் யார் தெரியுமா? நான்கு ஆண்டுகளாக ஓர் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்தவன். ஆயிரம் பிளக்குகளாவது மாற்றியிருப்பான். அவனுக்கே தன் வண்டியின் குறை பிடிபடவில்லை. அன்று மாலை நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, “ஐயா, நாலு வருஷமா நான் கத்துக்கிட்டது என்ன?” என்று கேட்டான். நம்மிடம் விடையில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அந்தப் பட்டறையில் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவதும், கரி துடைப்பதும், கழற்றி மாட்டுவதும் இவனுடைய வேலை. மல்டிமீட்டர் என்னும் மின் அளவைக் கருவி ஒன்று அங்கே உண்டு. அது மேசை இழுப்பறைக்குள் இருக்கும். இவனுக்குப் பின் வந்த, வேறு தெருப் பையன் ஆறே மாதத்தில் அதைக் கையில் எடுத்தான். இவனுக்கு நான்கு ஆண்டில் ஒருநாளும் அது தரப்படவில்லை. ஏன் என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் நம் பிள்ளைகளுக்கு, கருவி பிறருக்கு. இழுப்பறை பூட்டப்படுவதுமில்லை, ‘தொடாதே’ என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. அதுதான் அதன் சாமர்த்தியம்.

நம்மால் இயன்ற ஒன்றைச் செய்தோம். ஒரு மல்டிமீட்டர் வாங்கினோம். விலை அதிகமில்லை, ஒரு நல்ல வேட்டி வாங்கும் பணம். இயற்பியல் ஆசிரியரை மாலை வேளையில் இருக்கச் சொன்னோம். பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

அது இரண்டு பிளக் உள்ள வண்டி. நம் நாட்டில் பஜாஜ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு பல்சர் வண்டியில் இந்த இரட்டைப் பொறி முறையைப் புகுத்தி, அது ஊரெங்கும் பரவிற்று. ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக்குகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பிளக் செத்துப்போனாலும் மற்றொன்றைக் கொண்டு வண்டி ஓடும். இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஆனால் நிற்காது. நிற்காததனால் ஒருவரும் கவனிப்பதில்லை. இவன் வண்டியில் இடப்பக்க ஒயர் செத்து எத்தனை மாதமாயிற்றோ? வலப்பக்க ஒயர் ஒன்றே வண்டியை இழுத்துக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் அதுவும் கைவிட்டபோதுதான் கூட்டேரிப்பட்டில் நின்றது. முன்னர் மூன்று முறை பிளக் மாற்றியிருக்கிறார்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியிருக்கிறார்கள். பிளக் வரைக்கும் மின்சாரம் வருகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தோம்? இருட்டிய பின் பள்ளிக்குப் பின்புறம் திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தோம். செடிக்குத் தெளிக்கும் பூத்தூவானால் ஒயர்மீது சிறிது நீரைத் தூவினான் பையன். பெட்ரோல் டாங்கியின் அடியில், ஒயர் இரும்புச் சட்டத்தில் உரசும் இடத்தில், நீலப் பொறிகள் வரிசையாகத் தாவின! பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் பாதி வழியில் சட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இதைச் செய்து பார்க்க விரும்பும் இளைஞர்கள் இரண்டை மறக்கக் கூடாது: எஞ்சின் ஓடும்போது ஒயரைக் கையால் தொடக் கூடாது, பெட்ரோல் கசியும் வண்டியில் இந்தச் சோதனையே கூடாது.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் முனையில் முக்கால் மில்லிமீட்டர் அளவான இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கோ 10,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இந்த வித்தையைச் செய்வது காயில். இரும்பின்மேல் இரண்டு சுருள். ஒன்றில் தடித்த கம்பி சில சுற்றுகள், மற்றொன்றில் மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகள். முதற்சுருளில் மின்னோட்டம் சட்டென்று மாறும்போது இரண்டாம் சுருளில் பெரு மின்னழுத்தம் பிறக்கிறது. இயற்பியல் ஆசிரியர் இதைச் சொன்னதும் பையன் திகைத்து, “இது பத்தாவதுல படிச்சதுதானே சார்?” என்றான். ஆம், மின்காந்தத் தூண்டல். அந்தப் பாடத்தில்தான் அவன் தேர்ச்சி பெறாமல் பள்ளியை விட்டு நின்றான். தோற்ற பாடத்தை நான்கு ஆண்டுகள் கையில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டும் ஒன்றென்று நாமும் சொல்லவில்லை, பட்டறையும் சொல்லவில்லை. பட்டறையை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. எழுத்தை மட்டும் கொடுத்துக் கருவியைக் காட்டாமல் அனுப்பியவர்கள் நாம்.

வரலாற்று ஆசிரியர் என்ற முறையில் ஒரு செய்தி சொல்ல அனுமதியுங்கள். அந்தத் தூண்டலை 1831ஆம் ஆண்டு கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே. 1791இல் பிறந்த கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகுநராகச் சேர்ந்து ஏழாண்டுகள் வேலை பார்த்தவர். தைக்க வந்த புத்தகங்களைத் தைப்பதோடு நில்லாமல் படித்தார். அவர் ஓர் இரும்பு வளையத்தில் சுற்றிய இரண்டு சுருள்கள்தாம் இன்று உங்கள் வண்டியின் டாங்கிக்கு அடியில் இருக்கின்றன. அந்தக் கடைக்காரர் ‘தைப்பது உன் வேலை, படிப்பது உன் வேலையன்று’ என்று சொல்லவில்லை. அவர் பெயர் ரிபோ. அவரையும் நாம் நினைக்கவேண்டும்.

ஒயருக்கு வருவோம். பல வண்டிகளில் ஒயர் காயிலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். பழுதானால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். சிலவற்றில் ஒயரின் முனை திருகாணியில் செருகியிருக்கும். அங்கே பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிய முனையைத் திருகினாலே போதும். கழற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாவி அணைந்திருக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்து மெல்லத் திருகி எடுக்கவேண்டும். பிளக் மூடிக்குள்ளும் ஒரு மின்தடை உண்டு. பல வண்டிகளில் அது 5,000 ஓம் அளவு. மல்டிமீட்டரில் முடிவிலி காட்டினால் மூடி செத்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று மின்தடையில்லாத மூடியைப் போடாதீர்கள். பொறியின் இரைச்சல் வண்டியின் மின்னணுப் பாகங்களைக் குழப்பும். வேகங்காட்டியில் எண்கள் தாறுமாறாக ஆடுவதும் உண்டு. புதிய ஒயரை மாட்டியபின் அது சட்டத்திலோ, சிலிண்டர்ச் செதில்களிலோ படாதவாறு பிடிப்பில் பொருத்தவேண்டும். பழைய ஒயர் எங்கே தேய்ந்தது என்று பாராமல் புதியதை அதே வழியில் விட்டால் அடுத்த மழைக்கு அதே கதைதான்.

இன்னொன்று. பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, அந்தரத்தில் பிடித்துப் பொறி பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பி.எஸ். 6 விதி வந்தது. புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு எரிபொருள் தெளிப்பு முறைக்கு மாறின. அவற்றுக்குக் கட்டுப்பாட்டுக் கணினி உண்டு. பிளக்கின் உடல் எஞ்சின் இரும்போடு தொட்டிராமல் பொறி விட்டால் அக்கணினியே கெடக்கூடும். பழைய பழக்கம் புதிய வண்டியில் பெருஞ்செலவு வைக்கும்.

ஒயர் சரியான மறுமாதமே அதே வண்டிக்கு வேறொரு நோய். முன்சக்கரம் பஞ்சர் ஒட்டி மாட்டிய பிறகு வேகங்காட்டியில் சுழியம் மட்டுமே நின்றது. காட்டிய இடத்தில், “மீட்டர் முழுவதையும் மாற்றவேண்டும்” என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ஒரு தொகையும் சொன்னார்கள். இம்முறை பையன் நேரே பள்ளிக்கு வந்துவிட்டான்.

பெரியவர்களுக்குப் பழைய ஸ்பீடாமீட்டர் நினைவிருக்கும். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு புல்லட் பூட்டத் தொடங்கிய காலம் முதல் நெடுங்காலம் அதுதான். சக்கரத்தோடு ஒரு கேபிள் சுழலும். அதன் முனையில் காந்தம். காந்தத்தைச் சூழ அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலக் கிண்ணத்தில் மின்சுழல் தோன்றி, அது முள்ளை இழுக்கும். 1902இல் ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்சே காப்புரிமை பெற்ற அமைப்பு. அடிப்படை மீண்டும் ஃபாரடேயின் தூண்டலே. முள் நடுங்கினால் கேபிளுக்கு மசகு வேண்டும். அசையாவிட்டால் கேபிள் அறுந்திருக்கும். அவ்வளவே வைத்தியம்.

இக்கால வண்டிகள் பலவற்றில் கேபிள் இல்லை. சக்கரத்தருகே சென்சார் என்னும் உணரி இருக்கிறது. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி, காந்தப்புலம் மாறும்போது அதில் எழும் சிறு மின்னழுத்தமும் மாறும். சக்கரம் சுற்றச் சுற்றத் துடிப்புகள் எழும். மீட்டர் அவற்றை எண்ணி வேகத்தைக் காட்டும். இவ்வகை உணரிக்கு மூன்று ஒயர்கள்: ஒன்று மின்சாரம் வருவது, ஒன்று எர்த், மற்றது செய்தி சொல்வது. பையன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியைத் திறந்து, முதலிரண்டில் மின்சாரம் வருவதை உறுதி செய்தான். பிறகு செய்தி ஒயரில் மல்டிமீட்டரை வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினான். எண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. உணரி பிழைத்திருக்கிறது! மீட்டரின் பின்னால் அதே ஒயரில் வைத்தான், அங்கே அசைவில்லை. ஆக, குறை நடுவழியில். தேடிப் பார்த்தால், பஞ்சர் ஒட்டியவர் ஒயரை அதன் பிடிப்பில் மாட்டாமல் விட்டிருக்கிறார்; டயர் உரசி உறையும் கம்பியும் அறுந்திருந்தன. பற்றவைத்து, சுருங்கும் உறையிட்டு, பிடிப்பில் மாட்டினான். கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பி ஒயர் இழுபடுகிறதா என்றும் பார்த்தான். அதை நாம் சொல்லித்தரவில்லை, அவனுக்கே தோன்றியது. செலவு முப்பது ரூபாய்க்குள் முடிந்தது.

ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டிகளில் மட்டும் இப்படி ஒட்டுப்போடுதல் ஆகாது. 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். அவற்றில் பல, அதே உணரியின் செய்தியைக் கொண்டே சக்கரம் வழுக்குவதை அறிகின்றன. அங்கே உணரி கெட்டால் வேகம் தெரியாமற் போவதோடு நில்லாது, பிரேக்கின் காவலும் போகும். அவற்றில் இரண்டே ஒயருள்ள உணரிகளும் உண்டு. முன்சொன்ன சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. அங்கே உணரியில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் துடைப்பது, இணைப்பில் ஈரமிருந்தால் உலர்த்துவது, அதற்கும் சரியாகாவிடில் புதியதை மாற்றுவது என்ற அளவில் நில்லுங்கள்.

அந்தப் பையன் பத்தாம் வகுப்புத் தேர்வை மீண்டும் எழுதி வெற்றி பெற்றான். இப்போது விழுப்புரம் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில், ஈராண்டுப் படிப்பின் முதலாண்டில் இருக்கிறான். பழைய பட்டறைக்காரர் ஒருநாள் வழியில் கண்டு, “மீட்டர் பிடிக்கத் தெரியுமாமே, திரும்பி வா” என்று அழைத்தாராம். “படிப்பு முடியட்டும்ண்ணே, பார்க்கலாம்” என்று சொல்லி வந்திருக்கிறான். அவன் தங்கை அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். முந்தின நாளே விழுப்புரம் சென்று உறவினர் வீட்டில் தங்கிவிடுவதென்று முடிவாம். வண்டி சரியாகிவிட்டதே என்று நாம் கேட்டதற்கு, “அண்ணன்மேல நம்பிக்கை இருக்குதுங்க ஐயா, மழைமேலதான் இல்ல” என்றாள்.

சங்கத்தின் செயலாளர் அன்புகூர்ந்து, இக்கட்டடத்தின் பின்புறக் கொட்டகையை ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை ஒதுக்கியிருக்கிறார். மல்டிமீட்டர் இரண்டு இருக்கின்றன. இழுப்பறை இல்லை, மேசைமீதே இருக்கும். பெண் பிள்ளைகளும் வரலாம், வரவேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். வண்டி கொண்டு வருகிறவர்கள் எஞ்சின் ஆறுவதற்காக அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, வேப்பமரத்து நிழலில் வரிசையாக நிறுத்திவிடுங்கள்.