வல்லரசுப் போட்டியும் ஆசியானின் ஒற்றுமையும்

தென்கிழக்காசிய அரசியலைத் தமிழில் ஆராயக் கூடியிருக்கும் இம்மாநாட்டுக்குத் தலைமை ஏற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.

வல்லரசுப் போட்டி என்றதுமே நம் ஆய்வுகள் வாஷிங்டனையும் பெய்ஜிங்கையும் நோக்கித் திரும்பிவிடுகின்றன. ஜகார்த்தா, மணிலா, ஹனோய் எல்லாம் அங்கே எடுக்கப்படும் முடிவுகளுக்காகக் காத்திருப்பவை போலத் தோன்றுகின்றன. இந்தப் பார்வை போதாது என்பதே என் உரையின் சாரம். சிறிய நாடுகள் தமக்குள் எந்த அளவு ஒத்துப்போகின்றனவோ அந்த அளவுக்கே வல்லரசுகளின் கை அந்நாடுகளில் கட்டுப்படும்.

1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவை ஆசியானை நிறுவின. ஒன்றையொன்று நம்பிய நாடுகள் அல்ல இவை. மலேசியாவுடன் இந்தோனேசியா நடத்திய மோதல் முந்தைய ஆண்டுதான் ஓய்ந்திருந்தது. பிலிப்பைன்ஸ் சபாவுக்கு உரிமை கோரிக்கொண்டிருந்தது. மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். நாட்டு நலனோடு பிராந்திய நலனையும் சேர்த்து எண்ணியாக வேண்டும், அதற்காகச் சில வேதனையான விட்டுக்கொடுப்புகளும் தேவைப்படும் என்று அவர் அன்றே எடுத்துச் சொன்னார்.

அந்த விட்டுக்கொடுப்புக்கான சோதனை கம்போடியாவில் வந்தது. 1978 டிசம்பரில் உள்ளே நுழைந்த வியட்நாம் படை, அடுத்த மாதமே பொல் பொட் ஆட்சியை வீழ்த்தியது. தாய்லாந்தின் எல்லை வரை அப்படை வந்தது. இந்தோனேசியாவும் மலேசியாவும் சீனாவையே நீண்டகால அச்சுறுத்தலாகக் கருதின. அதனால் 1980இல் மலேசியாவின் குவாந்தானில் வியட்நாமுடன் சமரசத்துக்கு வழி தேடின. தாய்லாந்து இசையவில்லை. இரு நாடுகளும் தம் கருத்தை ஒதுக்கிவைத்துத் தாய்லாந்தின் பக்கம் நின்றன. 1989இல் வியட்நாம் படை வெளியேறியது. 1991இல் பாரிஸில் உடன்படிக்கை கையெழுத்தானது. சோவியத் ஒன்றியத்தின் தளர்ச்சியும் இதற்குப் பெருங்காரணம். ஆனாலும் ஐ.நா. பொதுச்சபையில் இந்தப் பிரச்சினை ஆறிப்போகாமல் காத்ததில் ஆசியானின் ஒற்றுமைக்கு முக்கியப் பங்கு உண்டு.

அந்த ஒற்றுமைக்குக் கம்போடிய மக்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். பொல் பொட்டின் கெமர் ரூஜ் இடம்பெற்ற கூட்டணியின் வசம் ஐ.நா. இருக்கை நீடிக்க ஆசியான் துணைநின்றது. கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் ஹுன் சென் தலைமையில் இயங்கிய அரசை அது ஏற்கவில்லை.

2012 ஜூலையில் அதே நாம்பென்னில், ஹுன் சென் பிரதமராக இருக்க, ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் கூடினர். தென்சீனக் கடலின் ஸ்கார்பரோ திட்டில் சீனக் கப்பல்களோடு ஏற்பட்ட மோதலைக் கூட்டறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்றது பிலிப்பைன்ஸ். தலைமைப் பொறுப்பில் இருந்த கம்போடியா அது இருதரப்புப் பிரச்சினை என்று மறுத்தது. 45 ஆண்டுகளில் முதன்முறையாகக் கூட்டறிக்கை இல்லாமலே கூட்டம் கலைந்தது.

கருத்தொற்றுமை என்ற விதி இரு காலத்திலும் ஒன்றுதான். 1980இல் மாற்றுக் கருத்து உடையவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். 2012இல் அதே விதி தடுப்பதிகாரம் ஆயிற்று. சீன முதலீட்டைச் சார்ந்திருந்த கம்போடியப் பொருளாதாரம் இதற்குக் காரணம் என்பது பலரும் சொல்வது. தன்னை ஒருகாலத்தில் புறக்கணித்த அமைப்புக்காக ஓர் அரசு ஏன் இழப்பை ஏற்க வேண்டும் என்ற கேள்வியையும் சேர்த்து ஆராயுங்கள் என்று வேண்டுகிறேன். அண்டை நாட்டின் இழப்பைத் தன் இழப்பாக ஏற்கும் மனம் உடன்படிக்கையில் எழுதிவைப்பதால் மட்டும் வந்துவிடாது. இக்கட்டான காலத்தில் தன் இழப்பையும் பிறர் கருதினார்கள் என்ற அனுபவம் இருந்தால்தான் வரும்.

2025இல் தீமோர்-லெஸ்தே இணைந்ததால் ஆசியானில் இன்று 11 நாடுகள். கடலோர நாடுகளின் கவலை லாவோசுக்கும், மேக்கொங் ஆற்றின் கவலை மணிலாவுக்கும் எவ்வாறு சொந்தக் கவலையாகும்? எல்லோரும் உடன்பட்டால்தான் முடிவு என்ற விதியை எந்த இடத்தில் தளர்த்தலாம்? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் கட்டுரைகள் விடை தேட வேண்டும். அந்த நாடுகளின் ஆவணங்களிலிருந்தும் விவாதங்களிலிருந்தும் அவ்விடைகள் எழ வேண்டும். அந்த எதிர்பார்ப்போடு இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.