மொய் நோட்டும் என் கல்யாண எக்செல் ஷீட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

ரெண்டு வாரமா எபிசோட் வரல, என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒண்ணும் ஆகல. எனக்குக் கல்யாணம். இன்னும் 19 நாள் இருக்கு. இப்போ வடக்கனந்தல்ல, எங்க வீட்டு மாடியில உட்கார்ந்துதான் ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி கேட்கிறது கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டர். எடிட்ல அதை எடுக்க முடியாது, பொறுத்துக்கோங்க.

ஊர் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: கள்ளக்குறிச்சியில இறங்கி கச்சிராயபாளையம் பக்கம் போற பஸ் பிடிக்கணும். கல்வராயன் மலை அடிவாரம். பக்கத்துலயே கோமுகி அணை. 2019 நவம்பர் வரைக்கும் நாங்க விழுப்புரம் மாவட்டம், அதுக்கப்புறம் கள்ளக்குறிச்சி மாவட்டம்.

இன்னைக்கு டாபிக் என் கல்யாணம்தான். குறிப்பா, கல்யாணத்துல நம்ம 'பர்சனல் டச்' எங்க வைக்கிறதுங்கிற விஷயம்.

நான் சாஃப்ட்வேர் ஆளு. நிச்சயம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே எக்செல் ஷீட் திறந்துட்டேன். அதுல 'பர்சனல் டச்'னு தனியா ஒரு டேப். மொத்தம் 27 ஐட்டம். ரெண்டு பேர் பேரையும் ஒட்ட வெச்ச ஹேஷ்டேக், மேகம் அருவியில போட்டோஷூட், நாங்க சந்திச்ச கதையை காமிக்ஸா போட்ட பத்திரிகை, இப்படியெல்லாம். தாம்பூலப் பையில ஒரு சின்ன மரச்சிற்பம் வைக்கலாம்னுகூட எழுதியிருந்தேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம ஊர்ப் பெருமை நாலு பேருக்குப் போகட்டுமேன்னு ஆசை. 600 பேருக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டேன். கேட்டதோட சரி. எங்க வீட்டுக்கு ஒரே ஒரு பிள்ளையார் சொல்லிட்டு வந்துட்டேன். (சிரிப்பு)

ஒரு நாள் அந்த ஷீட்டைப் பொறுமையா படிச்சுப் பார்த்தப்போதான் உறைச்சுது. 27-ல 22 ஐட்டம் வேற யாரோட கல்யாணத்துலயோ நான் ரீல்ஸ்ல பார்த்தது. பேர்தான் பர்சனல். உள்ள பூரா காப்பி-பேஸ்ட். எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன். மிஞ்சினதுல முக்கியமானது சாமைப் பாயசம். கல்வராயன் மலையில விளையுற சாமை. சமையல் மாஸ்டர், "ஆறினா இறுகிடும்மா, தளர்த்தியாதான் வைக்கணும், அப்புறம் தண்ணியா இருக்குன்னு என்னைச் சொல்லக் கூடாது"ன்னு முன்ஜாமீன் வாங்கிட்டுப் போனார்.

அடுத்தது கெஸ்ட் லிஸ்ட். "யார் யாரைக் கூப்பிடணும்மா?"ன்னு அம்மாகிட்ட கேட்டேன். அவங்க பதில் சொல்லல. பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியில இருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாங்க. அப்பா அம்மா கல்யாணத்து மொய் நோட்டு. 1995.

மக்களே, நான் ஆறு வருஷமா டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிறேன். அவ்வளவு சுத்தமான டேட்டாவை நான் பார்த்ததே இல்ல. முதல்ல ஊர், அடுத்து பேர், அடுத்து தொகை. 11, 21, 51, அங்கங்க ஒரு 101. மொத்தம் 212 வரி. ஒவ்வொரு வரிக்கு எதிர்லயும், அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம திருப்பிச் செஞ்ச தேதி, தொகை, ஒரு டிக். கடன் வாங்கின கணக்கு மாதிரியும் இருக்கு, சொந்தக்காரங்க மேப் மாதிரியும் இருக்கு.

முதல் பாதி டிக் எல்லாம் நீல மையில, அப்பா கையெழுத்து. 2011-ல அந்தக் கையெழுத்து நின்னு போகுது. அந்த வருஷம்தான் அப்பா மாரடைப்புல போனார். நான் அப்போ ஒன்பதாவது. அதுக்கப்புறம் இருக்கிற டிக் எல்லாம் அம்மாவோடது. எண்ணிப் பார்த்தேன், 64. அப்பா இல்லாத இத்தனை வருஷத்துல 64 விசேஷத்துக்கு அம்மா தனியா போய், ஒரு வீடு விடாம மொய் எழுதிட்டு வந்திருக்காங்க.

சும்மாதான் கேட்டேன், "இந்த 64-ல எத்தனை வாட்டிம்மா மேடை ஏறின?"

"மேடைக்கு எதுக்குடி? மொய் எழுதுற மேசை கீழதானே இருக்கு."

வெங்காயம் உரிச்சுக்கிட்டே சாதாரணமா சொன்னாங்க. எனக்குத்தான் அந்த நோட்டை மூட முடியல. யோசிச்சுப் பார்த்தா, எந்தக் கல்யாணத்துலயும் அம்மா நலங்கு வெச்சு நான் பார்த்ததில்ல. அட்சதைகூட நாலு வரிசை தள்ளி நின்னுதான் போடுவாங்க. யாரும் தடுத்ததா ஞாபகம் இல்ல. யாரும் தடுக்க வேண்டிய நிலைமையை அவங்க வர விட்டதே இல்ல.

என் கல்யாணத்துலயும் அப்படித்தான் பேசி வெச்சிருந்தாங்க. தாரை வார்க்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காருவாங்க. பத்திரிகையில அழைக்கிறவர் பேர் பெரியப்பாவோடது. அம்மா சமையல் பக்கம் பார்த்துப்பாங்க. இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணல. டீஃபால்ட் செட்டிங் மாதிரி தானா அமைஞ்சிடுச்சு.

சரி, ஸ்பெக் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்னு சட்டத்தைப் படிச்சேன். 1955 இந்து திருமணச் சட்டம், 7-வது பிரிவு: மணமக்கள் ரெண்டு பேர்ல யாரோட வழக்கப்படி வேணும்னாலும் சடங்கு செய்யலாம். 1967-ல தமிழ்நாடு இதுல 7-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தது. அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் அதுதான். உறவினர், நண்பர்கள் முன்னிலையில, ரெண்டு பேருக்கும் புரியுற மொழியில 'உன்னை ஏத்துக்கிறேன்'னு சொன்னாப் போதும். இல்லைன்னா மாலை மாத்திக்கலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இதுல ஏதாவது ஒண்ணு போதும். புரோகிதர் கட்டாயம் இல்ல.

இது சும்மா வந்துடல. 1928-லயே அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்துல பெரியார் தலைமையில இப்படி ஒரு கல்யாணம் நடந்திருக்கு. அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கான பேர் அந்த வழியில கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஆனா 1953-ல சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரித் திருமணம் சட்டப்படி செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 1967 திருத்தம் புதுக் கல்யாணங்களோட, ஏற்கெனவே நடந்த கல்யாணங்களையும் சேர்த்துச் செல்லும்னு ஆக்கினது. அப்புறம் 2009 பதிவுச் சட்டப்படி, எந்த முறையில பண்ணினாலும் 90 நாளைக்குள்ள பதிவு பண்ணணும். சட்டம் கேட்கிறது அவ்வளவுதான். அப்பா இல்லாத பொண்ணோட அம்மா கீழ நிக்கணும்னு ஒரு இஃப் கண்டிஷன் எங்கேயும் இல்ல.

அதனால ஒரு பிளான் போட்டேன். யார்கிட்டயும் சொல்லாம, முகூர்த்த நேரத்துல மைக்கை வாங்கி, "அம்மா, மேலே வா"ன்னு கூப்பிடுறது. எல்லாரும் கை தட்டுவாங்க, அம்மா அழுவாங்க, வீடியோ செமையா வரும். என் தோழிகள் எல்லாரும் சூப்பர்னு சொன்னாங்க.

நல்ல வேளை, அதை முன்னாடியே அம்மாகிட்ட உளறிட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னது இது: "நாளைக்கு உனக்கு ஒரு காய்ச்சல் தலைவலி வந்தாக்கூட, அன்னைக்கு அவ மேடை ஏறினாளேன்னு என்னைத்தான் சொல்வாங்க. உன்னைச் சொல்ல மாட்டாங்க. நீ சென்னைக்குப் போயிடுவ. நான் இந்தத் தெருவுலதான் இருக்கணும்."

எனக்குப் பதில் வரல. என்னோட பர்சனல் டச்சுக்குக் காலம் பூரா பில் கட்டப் போறது அம்மாங்கிறது எனக்குத் தோணவே இல்ல. சர்ப்ரைஸ்னு நாம நினைக்கிறது, 600 பேர் முன்னாடி அவங்க 'வேணாம்'னு சொல்ற உரிமையைப் பிடுங்கிக்கிறது.

இங்க இன்னொண்ணும் சொல்லணும். பெரியப்பாவை வில்லனா நினைச்சுக்காதீங்க. என் இன்ஜினியரிங் ஃபீஸ்ல பாதி அவர் கட்டினது. அந்த மேடையில உட்கார அவருக்கும் உரிமை இருக்கு. அம்மாவை ஏத்தணும்னு அவரை இறக்கினா, அதுவும் ஒரு அவமானம்தான்.

அதனால மைக் பிளானை விட்டுட்டுப் பேச ஆரம்பிச்சேன். முதல்ல பெரியப்பாகிட்ட. கொஞ்ச நேரம் துண்டை மடிச்சுக்கிட்டே இருந்தார். "பத்திரிகையில முதல்ல உங்க அம்மா பேரைப் போடு, கீழ என் பேரைப் போடு. தாரை வார்க்குறப்போ எங்க கையோட அவ கையும் இருக்கட்டும். தண்ணிக்கு என்ன தெரியப் போகுது"ன்னார். ஆயாவுக்கு இன்னும் சமாதானம் இல்ல. அத்தை பேசுறதில்ல. மாப்பிள்ளையோட அம்மா, "எங்க பக்கம் வழக்கம் இல்ல, ஆனா உங்க பொண்ணு, நீங்க பாருங்க"ன்னாங்க. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

பிரஸ்ல பத்திரிகை ப்ரூஃப் வந்தப்போ அம்மா தன் பேர் மேல விரலை வெச்சுப் பார்த்துட்டு, "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கு"ன்னாங்க. குறைக்கச் சொல்லல.

ஏன் இதை எபிசோடா போடுறேன்னா, வெளியூர்ல கள்ளக்குறிச்சின்னு சொன்னா இப்போ எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான். 2024 ஜூன்ல கருணாபுரத்துல விஷச் சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல இறந்தாங்க. செய்தி ஒரு மாசத்துல நின்னுடுச்சு. ஆனா அந்த வீடுகள்லயும் பிள்ளைங்க இருக்காங்க. பத்து வருஷம், பதினைஞ்சு வருஷம் கழிச்சு அங்கேயும் பந்தக்கால் நடுவாங்க. அன்னைக்கு அந்த அம்மாக்கள் எங்க நிப்பாங்கங்கிறதை நான் இப்போ அடிக்கடி யோசிக்கிறேன்.

எங்க அம்மா எங்க நிப்பாங்க? தெரியல. நலங்கு வைக்கச் சம்மதிச்சிருக்காங்க. தாரை வார்க்கிறதுக்கு, "அன்னைக்குப் பார்த்துக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல நான் கேட்கல. கடைசி நிமிஷத்துல கீழேயே நிக்கிறேன்னு சொன்னாலும் நான் இழுக்க மாட்டேன். ஒரே ஒரு மாற்றம் மட்டும் மண்டபத்துக்காரர்கிட்ட சொல்லியிருக்கேன். மொய் எழுதுற மேசையை வாசல்ல போடாம, மேடைப் படிக்குப் பக்கத்துல போடச் சொல்லிட்டேன். அங்க இருந்து மூணே படிதான்.

சரி மக்களே, கீழே அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க. உங்க வீட்டுலயும் ஒரு மொய் நோட்டு இருக்கும். எடுத்துப் பாருங்க, அதுல யார் கையெழுத்து எங்க மாறுதுன்னு கேளுங்க. கிடைச்ச கதையை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட் கல்யாணம் முடிஞ்சு. பாயசம் இறுகிச்சா இல்லையான்னு அதுல சொல்றேன். வரட்டுமா!