வெள்ளைக்கல்லும் இருப்புப்பாதையும்

(கெங்கவல்லியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சுவேத நதிக் கரையிலுள்ள நமது கெங்கவல்லிக்கு ரெயில் கிடையாது. வண்டியேற வேண்டுமானால் ஆத்தூருக்கோ தலைவாசலுக்கோ போகவேண்டும். அப்படியிருக்க, ரெயிலாலும் கல்லாலும் உண்டான ஓர் ஊரைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மழை பொய்த்த காலங்களில் நம் பக்கத்திலிருந்து மேற்கே பிழைப்புத் தேடிப் போனவர் பலர். அவர் பேரப்பிள்ளைகளை, “பாட்டனார் என்ன உத்தியோகம் பார்த்தார்?” என்று கேட்டால், “வெள்ளைக்கல்லில் இருந்தார்” என்னும் விடை தாழ்ந்த குரலில் வருகிறது. அந்தக் குரல் ஏன் தாழவேண்டும் என்பதே நமது கேள்வி.

சேலத்திற்கு வடக்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், மாக்னசைட் ஜங்ஷன் என்றொரு நிலையம் இருக்கிறது. ஊரின் பெயரை விட்டுக் கல்லின் பெயரையே சூடிக்கொண்ட நிலையம் அது. 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரெயில்வே கம்பெனியின் வண்டி, ஜோலார்பேட்டை, சேலம் வழியாக 1862-க்குள் மேல்கடற்கரையை எட்டிவிட்டது. பட்டணத்தை விட்டு விலகிச் சூரமங்கலத்தில் சேலம் நிலையம் அமைந்தது. பாதை 1908-இல் தென்னிந்திய ரெயில்வேயின் கைக்கும், 1951-இல் தென்னக ரெயில்வேயின் கைக்கும் மாறியது. 2007-இல் சேலமே ஒரு கோட்டத்தின் தலைமையிடமாயிற்று. இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. நீட்டிச் சொல்ல அவசியமில்லை.

கல்லின் கதையோ வேறு. வெயிலில் வெளுத்துத் தோன்றிய அக்குன்றுகளைக் கண்ட ஆங்கிலேயர் சுண்ணக்கட்டி மலைகள் என்று பெயரிட்டனர். அது பிழையான பெயர். அங்கே இருப்பது சுண்ணக்கட்டியன்று; கரும்பச்சைப் பாறையின் பிளவுகளுக்குள் நரம்புபோல் ஓடும் மாக்னசைட். மண்ணியல் ஆராய்ச்சித் துறையின் கிங்கும் புரூஸ் பூட்டும் 1864-இலும், மிடில்மிஸ் 1896-இலும் இப்பிரதேசத்தின் பாறைகளைக் குறித்து எழுதி வைத்தார்கள். நம் ஜனங்களோ அதனைப் பார்த்தமாத்திரத்தில் ‘வெள்ளைக்கல்’ என்றார்கள். வெள்ளக்கல்பட்டி என்று ஊரே இருக்கிறது. துரைகள் வைத்த பெயரினும் நம்மவர் வைத்த பெயர் பொருத்தமென்று சொல்வதில் நமக்குச் சிறிது கர்வந்தான்!

இக்கல்லைக் கடும் நெருப்பில் சுட்டால் கரிவாயு நீங்கி, உருகுவதற்கு அரிதான மக்னீசியா மிஞ்சும். அதனாற் செய்த செங்கல்லே எஃகு உலைகளின் உட்சுவராகிறது. இரும்பே தண்ணீராய் ஓடும் உலையில் உருகாது நிற்பது நமது வெள்ளைக்கல். ஆனால் அது தானே உலைக்கு நடந்து போகவில்லை. நரம்பைத் தொடர்ந்து பாறையைப் பிளக்கவேண்டும். வேண்டாத கல்லை அப்புறம் கொட்டவேண்டும். ஒட்டியிருக்கும் மாசைச் சுத்தியலால் தட்டி எடுக்கவேண்டும். அவ்வாறு தட்டித் தரம் பிரித்தவர்களில் பெண்கள் அநேகர். தலையிலும் இமையிலும் வெண்பொடி படிய வீடு திரும்பிய அந்தத் தாய்மாரின் பெயரை எந்தக் கல்வெட்டில் தேடுவது?

இடையில் மேட்டூரையும் சொல்லவேண்டும். 1925-இல் தொடங்கி 1934-இல் திறக்கப்பட்ட அவ்வணையின் வேலைக்குத் தளவாடங்கள் கொண்டுபோகவே மேட்டூர்க் கிளைப்பாதை போடப்பட்டது. அது பிரிவதும் இந்த வெள்ளைக்கல் பூமியிலிருந்துதான். தஞ்சை வயலுக்குப் பாயும் தண்ணீருக்கும் இந்த ஜங்ஷனுக்கும் அவ்வளவு உறவு.

இனி, சொல்லக் கூசினாலும் சொல்லவேண்டிய ஒன்று. நம் சங்கத்தில் குலவரலாறு எழுதப் புகுவோர் யாவரும் ஓர் அரசனிடத்திற் போய் நிற்கிறார்கள். குடையும் கொடியும் கிடைத்தபிறகே பேனாவைக் கீழே வைக்கிறார்கள். அரசனுக்குச் சாட்சி தேடி அலையும் நாம், சாட்சியோடு இருக்கும் பாட்டனை மறைக்கிறோம். மற்றொன்றும் உண்டு: அந்தக் குழியில் நம்மவர் மட்டும் இறங்கவில்லை. பற்பல ஜாதியாரும் ஒரே பாறையை உடைத்தார்கள்; ஒரே பொடியைச் சுவாசித்தார்கள். ஆதலால் இது நம் குலத்துக்கே உரிய பெருமை என்று இப்பத்திரிகையில் எழுதிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. நமக்குரிய பங்கை மட்டும் எழுதலாம்.

சுற்றுச்சூழல் அனுமதி இல்லாத காரணத்தால் 2016-இல் அங்கே சுரங்க வேலை நின்றபோது, கூலி நின்ற வீடுகளின் கவலை ஒருபுறம். தூசி குறைந்ததே என்று மூச்சு விட்ட வீடுகள் மறுபுறம். இரண்டும் நியாயமே. இதில் தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை.

நாம் கேட்பது இதுவே. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கூலிச் சீட்டோ, வேலை அட்டையோ, ரெயில்வே உத்தரவோ, சுரங்க வாசலில் எடுத்த படமோ இருந்தால் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லாதவர்கள், வீட்டில் மூத்தவர் வாய்மொழியாகச் சொல்லும் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். காரியதரிசி நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றைக்கே திருப்பித் தருவார்.